கார் கண்ணாடியில் டின்ட் பிலிம் ஒட்டுவது: எல்லாம் தண்ணீரில் இருக்கிறது

கார் கண்ணாடியில் ஒளியையும் வெயில் சூட்டையும் குறைக்கும் டின்ட் பிலிமை நானே ஒட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த பேச்சு குமிழியைப் பற்றித்தான். குமிழி வராமல் ஒட்டுவது எப்படி, வந்துவிட்டால் ஊசியால் குத்தலாமா, வெயிலில் நிறுத்தினால் போகுமா. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டும்போது நடுவில் காற்று மாட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தியதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். கார் பிலிம் அப்படி வேலை செய்வதில்லை. கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவில் வேண்டுமென்றே சோப்புத் தண்ணீரை நிரப்பி, பிலிமை அதில் வழுக்கவிட்டு இடம் பார்த்து நிறுத்தி, அப்புறம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் மொத்த வேலையும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்பது தானாக விளங்கும்.

முதலில் அந்தப் பிலிம் என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். அடிப்படை பாலியெஸ்டர். ஒன்றோ இரண்டோ பாலியெஸ்டர் தாள்கள், அவற்றில் சாயமோ உலோகமோ கார்பனோ செராமிக் துகளோ, உள்பக்கம் கீறல் விழாமல் ஒரு கடினமான பூச்சு, கண்ணாடிப் பக்கம் பசை, பசைக்கு மேலே அதைப் பாதுகாக்கும் ஒளி ஊடுருவும் லைனர் தாள். லைனரை உரித்தபின் மிச்சம் இருப்பது ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு தலைமுடி அளவு. இவ்வளவு மெல்லிசான ஒன்று என்பதால்தான் அதன் அடியில் ஒரு தூசி இருந்தால்கூட கூடாரம் போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பிலிமை வெளிப்பக்கம் ஒட்டுவதில்லை, கண்ணாடியின் உள்பக்கம்தான். மழை, கார் கழுவும் பிரஷ் போன்றவற்றிலிருந்து அது தப்பிக்க வேண்டும்.

வாங்கும்போது பெரும்பாலானவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். பூமிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் சுமார் பாதி அகச்சிவப்புக் கதிர், அது கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி இன்னொரு பெரும் பங்கு. புற ஊதா மிகச் சிறிய பங்குதான், ஆனால் தோலையும் சீட் துணியையும் டேஷ்போர்டையும் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் சாயம் போட்ட கறுப்புப் பிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் குறைக்கிறது. அப்படி உறிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதியைக் காருக்குள்ளேயே விடுகிறது. நல்ல செராமிக் பிலிம் பார்க்க வெளிறிப் போயிருக்கும், ஆனால் அகச்சிவப்பைத் தடுப்பதால் உள்ளே உட்கார்ந்தவருக்குச் சூடு குறைவாகத் தெரியும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் எண்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்கிற வி.எல்.டி. சதவீதம். இன்னொன்று, மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்கிற சதவீதம். 'அகச்சிவப்பை இத்தனை சதவீதம் தடுக்கும்' என்று தனியாகப் பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது சில நேரம் ஒரு குறுகிய அலைநீள எல்லைக்குள் மட்டும் அளந்த எண்ணாக இருக்கும்.

உலோகம் கலந்த பிலிமும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் போன் சிக்னல், ரேடியோ, ஜி.பி.எஸ். ஆகியவற்றில் கை வைக்கும். சாயப் பிலிம் மலிவு, ஆனால் சில வருடங்களில் ஊதா நிறத்துக்கு மாறிவிடுகிறது. சாலையில் பழைய கார்களின் பின்கண்ணாடியில் அந்த ஊதாவைப் பார்த்திருப்பீர்கள்.

வி.எல்.டி. பற்றி இன்னொன்று. கண்ணாடி தன்னளவிலேயே கொஞ்சம் ஒளியைத் தடுக்கும். 80 சதவீதம் ஒளியை விடும் கண்ணாடியில் 50 சதவீதப் பிலிமை ஒட்டினால் கிடைப்பது 50 இல்லை, 40. இரண்டையும் பெருக்க வேண்டும். இது சட்டத்தோடு சம்பந்தப்பட்ட கணக்கு. எவ்வளவு ஒளி உள்ளே வரவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முன்கதவுக்கு ஒரு அளவு, பின்கதவுக்கு ஒரு அளவு, முன்கண்ணாடிக்கு வேறு என்று இருக்கலாம். எந்தப் பிலிமும் ஒட்டக்கூடாது என்றே சில இடங்களில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு அப்புறம் பிலிமை வாங்குங்கள், வாங்கிவிட்டுப் படிக்காதீர்கள். சட்டம் அனுமதித்தாலும் முன்கதவுக் கண்ணாடியை ரொம்பக் கறுப்பாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரவில், மழையில், பக்கக் கண்ணாடியில் வருகிற சைக்கிள்காரர் தெரிய வேண்டும். அதற்கு மேல் எந்தக் குளிர்ச்சியும் முக்கியமில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு சில சொட்டு, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது. இந்தச் சோப்புத் தண்ணீர் இருக்கும்வரை பசை கண்ணாடியைத் தொட முடியாது, அதனால் பிலிம் வழுக்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் இடமும் வலமும் நகர்த்தலாம். ஸ்க்வீஜியால், அதாவது தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டையால், தண்ணீரைத் தள்ளிய இடத்தில் பசை கண்ணாடியைத் தொட்டுப் பிடித்துக்கொள்கிறது. சோப்பு குறைந்தால் நீங்கள் சரி பார்ப்பதற்குள் பிடித்துவிடும். அதிகமானால் ஸ்க்வீஜி போட்டாலும் ஓரம் வழுக்கிக்கொண்டே இருக்கும், நிற்காது. முதல் கண்ணாடியில் இரண்டு விரலால் பிலிமைத் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர வேண்டும், ஆனால் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அதுதான் அளவு.

எவ்வளவு தள்ளினாலும் மெல்லிய ஈரம் உள்ளே மிச்சம் இருக்கும். அது பாலியெஸ்டர் வழியாகவே மெதுவாக ஆவியாகி வெளியேறுகிறது. ஒட்டி முடித்ததும் கண்ணாடி பனி படிந்த மாதிரி மங்கலாகவும் அங்கங்கே தண்ணீர்த் திட்டுகளோடும் தெரிவது இதனால்தான். வெயில் காலத்தில் சில நாட்களில் போகும். குளிரிலும் ஈரக் காற்றிலும் வாரக் கணக்கில் ஆகலாம். உலோகம் கலந்த பிலிமில் இன்னும் தாமதமாகும். இதைப் பார்த்துப் பயந்து ஊசியால் குத்தினால் அந்த ஓட்டை மட்டும் நிரந்தரமாக நிற்கும்.

உண்மையான எதிரி தூசி. நான் முதன்முதலில் ஒட்டியது ஒரு பின்கதவுக் கண்ணாடி. மூன்று முறை கழுவினேன், கடைசியாகப் பளபளப்பு வரட்டும் என்று ஒரு புதுத் துவாலையால் துடைத்தேன். பிலிம் ஒட்டி ஸ்க்வீஜி போட்டதும் நடுவில், அரிசி நீளத்தில் ஒரு வெள்ளை நூல், அதைச் சுற்றிப் பிலிம் உப்பிக்கொண்டு. துவாலையிலிருந்து வந்த நூல். ஈரம் இருக்கும்போதே ஓரத்திலிருந்து தூக்கி, ஸ்பிரேயால் அடித்துத் தள்ளியதும் அது வெளியேறிவிட்டது, ஆனால் தூக்கிய ஓரத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து கடைசிக் கட்டத்தில் கண்ணாடியை எந்தத் துணியாலும் தொடுவதில்லை. தண்ணீரும் ஸ்க்வீஜியும் மட்டும்தான்.

சுத்தம் செய்வது இப்படி. நிழலான, காற்று வீசாத இடத்தில் காரை நிறுத்துங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். கம்பளி போல நூல் உதிரும் சட்டை வேண்டாம். கதவில் இருக்கும் பவர் விண்டோ ஸ்விட்சுகள் மேலும் டோர் பேட் மேலும் பிளாஸ்டிக் போட்டு, அதன் மேல் ஒரு துண்டைப் போடுங்கள். நிறையத் தண்ணீர் வழியப் போகிறது, அது ஸ்விட்சுக்குள் இறங்கினால் டின்ட்டை விடப் பெரிய செலவு. கண்ணாடியின் உள்பக்கத்தை நனைத்து, புது பிளேடு போட்ட ஸ்கிரேப்பரால் ஒரே திசையில் மெதுவாகச் சுரண்டுங்கள். கைக்குத் தட்டுப்படாத ஸ்டிக்கர் பசை, பெயிண்ட் துளி எல்லாம் அப்போதுதான் கிளம்பும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மேல் ஓரத்தையும் துடையுங்கள், அங்கே ஒரு கறுப்புக் கோடு அழுக்கு எப்போதும் இருக்கும். பிறகு மேலிருந்து கீழாக ஸ்க்வீஜி, மறுபடி ஸ்பிரே, மறுபடி ஸ்க்வீஜி. கீழேயிருந்து மேலே இழுக்காதீர்கள், கண்ணாடி ஏறி இறங்கும்போது உரசும் ரப்பர் பட்டையான பீடிங்கில் இருக்கும் மண் கண்ணாடிக்கு ஏறிவரும்.

பின்கண்ணாடியில் இந்தச் சுரண்டல் வேலை கூடவே கூடாது. அங்கே உள்பக்கம் ஓடும் மெல்லிய பழுப்புக் கோடுகள் பனி நீக்கும் சூடேற்றிக் கம்பிகள். பிளேடு பட்டால் அறுந்துபோகும், அறுந்த கோடு வேலை செய்யாது.

அடுத்தது வெட்டுவது. இது காரின் வெளிப்பக்கத்தில் நடக்கிறது என்பது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தையும் கழுவி நனைத்துவிட்டு, பிலிமை லைனர் உங்களைப் பார்க்கிற மாதிரி அதன் மேல் விரியுங்கள். அப்படி வெட்டினால்தான் உள்ளே கொண்டுபோகும்போது பசைப் பக்கம் சரியாகக் கண்ணாடியைப் பார்க்கும். தலைகீழாக வெட்டிவிட்டால் அது எதிர்ப் பக்கக் கதவுக்குத்தான் பொருந்தும். எது லைனர் என்று தெரியாவிட்டால் பிலிமின் ஒரு மூலையில் இரண்டு பக்கமும் இரண்டு துண்டு டேப் ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுங்கள். நிறமே இல்லாமல் பிரிந்து வருவது லைனர்.

கீழ்ப்பக்கம் பீடிங்குக்குக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மிச்சம் விடுங்கள். பக்கவாட்டில் ரப்பருக்குள் கொஞ்சம் போகிற மாதிரி வெட்டுங்கள். மேல் ஓரத்துக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கி, அதன் வளைவையே அளவுகோலாக வைத்து வெட்டி, பிறகு பிலிமைச் சில மில்லிமீட்டர் கீழே நகர்த்திக்கொள்ளுங்கள். ஒட்டி முடித்தபின் கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் பிலிமுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். விளிம்பு வரை கொண்டுபோனால் கண்ணாடி ஏறும்போது ரப்பர் பிலிமைப் பிடித்து உரித்துவிடும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் லேசாக வட்டமாக்குங்கள். கட்டரில் துருப்பிடிக்காத எஃகு பிளேடு போடுங்கள், அது கண்ணாடியைக் கீறும் வாய்ப்பு குறைவு. கையின் எடையே போதும், அழுத்த வேண்டியதில்லை. அடிக்கடி பிளேடு முனையை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். மழுங்கிய பிளேடு பிலிமை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும்.

கார்க் கண்ணாடி தட்டையாக இருப்பதில்லை, பிலிம் தட்டை. கதவுக் கண்ணாடியில் வளைவு குறைவு, பெரும்பாலும் தண்ணீரும் ஸ்க்வீஜியும் சமாளித்துவிடும். பின்கண்ணாடி இரண்டு திசையிலும் வளையும், அதில் தட்டையான தாளை வைத்தால் ஓரங்களில் விரல் விரலாக மடிப்பு நிற்கும். அந்த மடிப்புகளை ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) சூட்டில் சுருக்கி உட்கார வைக்க வேண்டும், அதுவும் வெளிப்பக்கத்தில் வைத்தே. பிலிம் சுருளின் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும், அகலவாக்கில் சுருங்காது என்பதால் எந்தப் பக்கமாக விரிக்கிறோம் என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. சூடு ஒரே இடத்தில் நின்றால் பிலிம் கருகும், கண்ணாடி விரிசலும் விடலாம். முதல் தடவை செய்பவர் பின்கண்ணாடியைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பின்கதவுகளில் தொடங்குங்கள். முடிந்தால் அதற்கு முன் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்றில் ஒரு துண்டை ஒட்டிப் பழகுங்கள். கை தண்ணீருக்குப் பழகுவதற்கு அது போதும்.

இப்போது ஒட்டும் வேலை. கைகளை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த விரல் பசையில் பட்டால் ரேகை அப்படியே பதியும். கண்ணாடியை நான்கைந்து சென்டிமீட்டர் இறக்கிவிட்டு உள்பக்கம் முழுக்க ஸ்பிரே செய்யுங்கள். மேலிருந்து பாதி லைனரை மட்டும் உரியுங்கள், உரிக்க உரிக்க ஒருவர் பசையின் மேல் ஸ்பிரே அடித்துக்கொண்டே இருக்கட்டும். காய்ந்த பசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டு போச்சு. இரண்டு பேர் இருந்தால் இந்த வேலை பாதியாகிறது, தனியாகச் செய்பவர் லைனரை உரிக்கும் முன் பிலிமை வெளிக்கண்ணாடியிலேயே விட்டு அங்கேயே உரித்து நனைக்கலாம்.

மேல் விளிம்பை அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். பக்கங்கள் ரப்பருக்குள் ஒரே அளவில் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். பிலிமின் மேலேயும் ஸ்பிரே அடியுங்கள், அப்போதுதான் ஸ்க்வீஜி கீறாமல் வழுக்கும். மேல்பகுதியின் நடுவிலிருந்து ஒரு இழுப்பு வலப்பக்கம், ஒரு இழுப்பு இடப்பக்கம். பிலிம் நின்றுவிட்டது. இப்போது கண்ணாடியை மெதுவாக முழுக்க ஏற்றுங்கள், மீதி லைனரை உரியுங்கள், நனையுங்கள். அடுத்து வருவதுதான் கை நடுங்கும் இடம்: கீழ்ப்பக்க மிச்சத்தை பீடிங்குக்கு உள்ளே செருக வேண்டும். ஒரு கையால் பீடிங்கை உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிலிமைக் கண்ணாடியிலிருந்து சற்று விலக்கி, தட்டையான மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிலிமைக் கூர்மையாக மடியவிடாதீர்கள். தண்ணீர்க் குமிழி போகும், மடிப்புக் கோடு போகவே போகாது.

அப்புறம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறுகிற மாதிரி, தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் அழுத்தம் வேண்டும். நடுவில் விட்டுப்போன தண்ணீர் நாளாக ஆகக் காயும், ஓரத்தில் விட்டுப்போன தண்ணீர் ஓரத்தையே தூக்கிவிடும். ஆகவே கடைசியாகக் கடினமான அட்டையில் நூல் உதிராத காகிதத் துண்டைச் சுற்றி நான்கு ஓரமும் ஒரு முறை அழுத்தி உறிஞ்சி எடுங்கள்.

முடித்தபின் பார்க்கும்போது எது எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதற்கு எளிய சோதனை. கட்டைவிரலால் மெல்லத் தள்ளுங்கள். இடம் மாறினால் தண்ணீர், விட்டுவிடுங்கள். நடுவில் புள்ளியும் சுற்றி வெளிறிய வளையமும் இருந்தால் தூசி. அன்றே, ஈரத்திலேயே தூக்கிக் கழுவலாம், ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பசை பிடித்தபிறகு தூக்கினால் பசை இழுபட்டுத் தடம் விடும். ஓரிரு சின்னப் புள்ளிகள் வீட்டில் ஒட்டும் யாருக்கும் வரும், உள்ளே உட்கார்ந்து ஓட்டும்போது கண்ணில் படாத இடமாக இருந்தால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கண்ணாடியைக் குறைந்தது மூன்று, நான்கு நாள் இறக்காதீர்கள். குளிராகவோ மழையாகவோ இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். காரை ஓட்டும் வேறு யாராவது மறந்துபோய் அமுக்கிவிடாமல் இருக்க, ஸ்விட்சின் மேல் ஒரு டேப் ஒட்டி வைப்பது நல்லது. ஒரு மாதம் வரை உள்பக்கத்தைத் துடைக்க வேண்டாம், அதற்கு அப்புறமும் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடாது, அது பிலிமைப் பாழாக்கும். மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும்.

முதல் தடவை இறக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் இறக்காமல் இரண்டு சென்டிமீட்டர் இறக்கி நிறுத்தி, மேல் விளிம்பையும் இரண்டு மூலைகளையும் பாருங்கள். எங்காவது நகம் அளவுக்குத் தூக்கியிருந்தால் மறுபடி ஏற்றி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, அட்டையால் அழுத்திப் பிடித்து, இன்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.